கையுறையோடு வந்த மாத்திரை

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கட்டடக் கம்பெனியின் ஸ்டோர் ஜன்னலில் வரிசை நிற்கும். உள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வரும். ஒரு ஜோடி கையுறை, காதில் அடைக்கிற ரப்பர் இரண்டு, பத்து வலி மாத்திரை உள்ள ஓர் அட்டை. வாங்கிக்கொண்டு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று அந்தக் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. எந்தக் காலத்திலோ ஒரு மேனேஜர், முதுகுவலி முட்டிவலி என்று ஆட்கள் லீவு கேட்பதைப் பார்த்துச் சலித்துப்போய் மொத்தமாக வாங்கிப் போட்டிருக்கலாம். கட்டடம் மாறும், மேனேஜர் மாறுவார், மாத்திரை மட்டும் விடாமல் கூடவே வந்துகொண்டிருந்தது.

நம் கிரேன்காரரும் பத்தொன்பது வருஷமாக அந்த வரிசையில் நின்றவர்தான். அவர் ஓட்டியது அறுபது மீட்டர் உயரக் கோபுரக் கிரேன். புதுசாக வருகிறவற்றில் ஏறி இறங்க லிஃப்ட் எல்லாம் இருக்கிறதாம். இவருடையதில் ஏணிதான். நடுவில் நின்று மூச்சு வாங்கப் பதினான்கு தட்டுகள் உண்டு. காலையில் ஒரு ஏற்றம், சாப்பாட்டுக்கு இறங்கினால் இன்னொரு ஏற்றம். ஐம்பத்தாறு வயது முட்டி இதற்கு என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். காலை ஏறுவதற்கு முன்னால் ஒன்று, மதியம் ஒன்று, குளிர் நாளாக இருந்தால் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது இன்னொன்று. கையுறை கிழிந்தால் வேறு வாங்குவது போல மாத்திரை தீர்ந்தால் வேறு அட்டை வாங்கிக்கொள்வார். ஸ்டோர்காரரும் ஏன் என்று கேட்காமல் கொடுப்பார்.

பிரஷர் மாத்திரை வேறு கதை. அதற்கு டாக்டர் இருக்கிறார், சீட்டு இருக்கிறது, வீட்டு அலமாரியில் தனி டப்பா இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே மனைவி இருக்கிறார்.

அந்த அம்மாள் துணி தைக்கிற ஆலையில் செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டையைத் திருப்பிப் பார்த்து, எங்கே நூல் பிரிந்திருக்கிறது, எங்கே பொத்தான் கோணலாக இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தூக்கிப் போடுகிற வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கண் ஓய்வு எடுத்துக்கொள்ளாது. புருஷனைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கும்.

பார்க்கவும் விஷயம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு சின்ன மாத்திரையில் ஆரம்பித்த பிரஷர், மூன்றாம் வருஷம் இரண்டு மருந்தை ஒன்றாக அடைத்த கூட்டு மாத்திரைக்கு வந்தது. போன வருஷம் அதே கூட்டு மாத்திரையில் பெரிய அளவு. இத்தனையும் சாப்பிட்ட பிறகும் மிஷின் நூற்று அறுபதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா கேட்பார்: “வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?”

“இல்லைங்க.”

இது பொய் இல்லை. சத்தியமாக அவர் அப்படித்தான் நம்பினார். டாக்டர் கொடுத்தால் மருந்து. மருந்துக்கடையில் வாங்கினாலும் மருந்து. ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்குவது சாமான். பெல்ட் போட்டுக்கொள்கிறீர்களா, ஹெல்மெட் போட்டுக்கொள்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டிருந்தால் வேண்டுமானால் அந்த வரிசையில் அதுவும் நினைவுக்கு வந்திருக்கும்.

மனைவிக்கு வேறு சந்தேகம். “நீங்க மாத்திரையைச் சாப்பிடறதே இல்ல. வாயில போட்டுட்டு வெளிய போய்த் துப்பிடறீங்க.”

“நான் என்ன சின்னக் குழந்தையா?”

“குழந்தையா இருந்தா மூக்கைப் பிடிச்சு ஊத்திடுவேனே. அவ்வளவு பெரிய மாத்திரையைத் தின்னுட்டு ஒரு மனுஷனுக்கு எப்படி இறங்காம இருக்கும்?”

அதிலிருந்து தினமும் காலையில் அவர் மாத்திரையை விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். நாக்கைத் தூக்கியும் காட்ட வேண்டும். காட்டினார். சண்டை போடத் தெம்பு இல்லை. அந்த வருஷம் முழுவதும் அவருக்கு எதற்குமே தெம்பு இல்லை. காலையில் எழுந்திருக்கும்போதே ஒரு நாள் வேலையை முடித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். சாயங்காலம் காலணியைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளம் தெரிந்தது. வயசாகிறது என்று விட்டுவிட்டார்.

அந்தக் கூட்டு மாத்திரையில் ஒரு வில்லங்கம் உண்டு. உள்ளே இருக்கிற இரண்டு மருந்தில் ஒன்று சிறுநீரைப் பிரித்துத் தள்ளுகிற மருந்து. தரையில் வேலை பார்க்கிறவனுக்கு அது ஒரு தொந்தரவே இல்லை, எழுந்து போய்விட்டு வரலாம். அறுபது மீட்டர் மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவன் எங்கே போவான்? இறங்கினால் திரும்ப ஏற வேண்டும். அதனால் கிரேன்காரர் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்குவது, அதற்கப்புறம் மதியம் வரை ஒரு சொட்டு குடிப்பதில்லை. வெயில் கண்ணாடியைக் காய்ச்சும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வார்.

உயரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு வருஷா வருஷம் உடல் தகுதிச் சோதனை உண்டு. அந்த வருஷம் மிஷின் நூற்று எழுபத்திரண்டு காட்டியது. சோதனைக்கு வந்த டாக்டர் தலையை ஆட்டினார். “ரெண்டு மாசம் டைம் தரேன். நூத்தி நாப்பதுக்குக் கீழ வரணும். வரலேன்னா கிரேன் சாவியை வாங்கிக்கச் சொல்லி எழுதிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க.”

கிரேன்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு வேறு வேலை தெரியாது என்பது ஒரு பக்கம். அந்தக் கண்ணாடிப் பெட்டியை அவருக்குப் பிடிக்கும் என்பதுதான் பெரிய பக்கம். யாரும் குறுக்கே வராத இடம். கீழே இருந்து சைகை கொடுக்கிற ஆளின் குரல் மட்டும் வாக்கி டாக்கியில் வரும். அவனுக்கு விசில் என்று பெயர், எதற்கெடுத்தாலும் ஊதுவதால். “அண்ணே, லேசா இடது பக்கம். இன்னும் ஒரு சாண். போதும், இறக்கு.” இரண்டு டன் கம்பிக் கட்டை ஒரு சாண் நகர்த்தி, தூசி கிளம்பாமல் தரையில் உட்கார வைக்கிற கை இவருடையது. அந்தக் கைக்குக் கீழே பத்துக் கட்டடம் எழும்பியிருக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டால் அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது?

செய்தியைக் கேட்ட மனைவி அன்றைக்கே இரண்டு காரியம் செய்தார். ஒன்று, நாக்கைத் தூக்கிக் காட்டுவதோடு கன்னத்தின் உள்பக்கத்தையும் விரலால் இழுத்துக் காட்டச் சொன்னார். இரண்டு, வழக்கமான உப்பைத் தூக்கிக் குப்பையில் கொட்டிவிட்டுப் பிரஷர்காரர்களுக்கென்று விற்கிற உப்புப் பாக்கெட் நான்கு வாங்கி வந்தார். சோடியம் குறைவு என்று அட்டையில் இதயம் படம் போட்டிருந்தது. அதில் ருசி குறைவாகத் தெரிந்ததால் கை தாராளமாகவே போட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம், சுமையை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு இறங்கலாம் என்று கிரேன்காரர் இருக்கையிலிருந்து எழுந்தார். எழுந்ததுதான் தெரியும். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால் இரண்டும் தன்னுடையது இல்லாத மாதிரி மடங்க, அப்படியே பின்னால் சாய்ந்து இருக்கையிலேயே விழுந்தார். முன்னால் விழுந்திருந்தால் திறந்திருந்த கதவு, கதவுக்கு அப்பால் ஏணி. நெஞ்சு தாறுமாறாக அடித்தது.

“அண்ணே, என்னண்ணே இறங்கக் காணோம்?” விசில் கேட்டான்.

பதில் வரப் பத்து நிமிஷம் ஆயிற்று. “வரேன். அவசரப்படுத்தாத.”

விசில் சும்மா இருக்கிற ரகமா? அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போன் போட்டு, “அண்ணி, அண்ணனுக்கு மேல மயக்கம் வந்துடுச்சு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க” என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அண்ணி முதல் வேலையாக, விசில் சொன்னான் என்று சொன்னார். மறுநாள் இரண்டு பேரும் லீவு போட்டுக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார்கள்.

ரத்தச் சோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. கிட்னியின் நிலையைக் காட்டுகிற கிரியாட்டினின் அளவு எகிறியிருந்தது. பொட்டாசியமும் கூடியிருந்தது. உடனே நெஞ்சில் ஒயர் ஒட்டி இதயத் துடிப்பைப் பதிவெடுத்தார். அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, மூச்சை விட்டு, “பரவால்ல, சமாளிச்சுடலாம்” என்றார். இனிமேல் அந்தக் கூட்டு மாத்திரையைத் தொட வேண்டாம், வேறு எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார்.

பிறகு பழைய கேள்வியையே கேட்டார். பழைய பதிலே வந்தது. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

“சரி, மருந்துங்கிறதை விடுங்க. ஒரு நாள்ல உங்க வாய்க்குள்ள என்னென்ன போகுதோ எல்லாத்தையும் சொல்லுங்க. அந்தப் பையில என்ன இருக்கு?”

வேலைக்குப் போகிற பை. பழக்கத்தில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மேஜைமேல் கொட்டினார். கையுறை, காது ரப்பர், டார்ச் லைட், சீப்பு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.

“இது?”

“அது ஸ்டோர்ல குடுக்கறதுங்க. முட்டிக்கு.”

“எத்தனை போடுவீங்க?”

“ரெண்டு. சில நாள் மூணு.”

“எத்தனை வருஷமா?”

கிரேன்காரர் யோசித்தார். “கிரேன்ல ஏறினதிலிருந்து போடறேங்க. தினமும்னா ஒரு ஏழு வருஷம் இருக்கும்.”

மேலே ஏறினால் மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை என்பதையும் டாக்டரம்மா கேட்டு வாங்கினார். மனைவி அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுநூறு சட்டையில் ஒரு நூல் பிரிந்தால் கண்டுபிடிக்கிறவர். ஏழு வருஷம் இந்தப் பை அவர் வீட்டு ஆணியில்தான் தொங்கியது.

டாக்டரம்மா கோபப்படாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “உங்க பிரஷர் மாத்திரை பாக்கத்தான் ஒண்ணு. உள்ள ரெண்டு மருந்து. ஒண்ணு ரத்தக்குழாயை இளக்கி விடுது. இன்னொண்ணு உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளுது. இந்த வலி மாத்திரை அதே உப்பையும் தண்ணியையும் உடம்புக்குள்ள பிடிச்சு வைக்குது. கிட்னிக்குப் போற ரத்தத்தையும் குறைக்குது. நான் ஒரு பக்கம் இழுக்கறேன், உங்க ஸ்டோர்காரர் இன்னொரு பக்கம் இழுக்கறார். பிரஷர் இறங்கலன்னு நான் வேற அளவை ஏத்திட்டே போயிருக்கேன். போதாக்குறைக்கு நீங்க தண்ணியும் குடிக்கறதில்ல. மூணும் சேர்ந்தா கிட்னி எப்படித் தாங்கும்?”

“நல்லாக் கேளுங்க டாக்டர்,” என்றார் மனைவி. “நான் எவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யறேன். உப்பைக்கூட மாத்திட்டேன், தெரியுமா?”

“என்ன உப்பு?”

பெருமையோடு சொன்னார். இதயம் படம் போட்டது என்றும் சொன்னார்.

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அதுல சோடியத்தைக் குறைச்சு, பதிலுக்குப் பொட்டாசியம் சேர்த்திருப்பாங்கம்மா. நிறைய பேருக்கு அது நல்லதுதான். ஆனா இவர் சாப்பிட்ட மாத்திரையே பொட்டாசியத்தை ஏத்தும். கிட்னியும் சோர்ந்திருக்கு, வெளிய தள்ள முடியல. அது அளவுக்கு மேல போனா இதயம் சட்டுன்னு நின்னுடக்கூட வாய்ப்பிருக்கு. சாதா உப்பே போடுங்க, கம்மியாப் போடுங்க.”

அந்த அம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வெவ்வேறு ஜன்னலைப் பார்த்தார்கள். ஆறு வருஷமாகத் திட்டு வாங்கின மனுஷனுக்குத் திருப்பிக் கொடுக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். களைப்பு.

“நான் உங்களைத் துப்பறீங்கன்னு சொன்னேன்,” என்றார் மனைவி, இறங்குகிற இடம் வருவதற்குள்.

“விடு.”

“வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தேனே.”

“விடுன்னா விடேன்.”

அதற்குப் பிறகு ஐந்து வாரம் மருத்துவ விடுப்பு. வலி மாத்திரை கிடையாது. தேய்த்துக்கொள்ள ஒரு களிம்பு, ரொம்ப முடியாவிட்டால் போட்டுக்கொள்ள வேறு மாத்திரை, அதுவும் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கணக்கில். புதுப் பிரஷர் மாத்திரை. தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்க வேண்டும், படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்திருக்கக் கூடாது, வாந்தி பேதி வந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும், பிரஷர் இறங்கிவிட்டது என்று தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. மனைவி இதையெல்லாம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினார். வாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. அவர் பழக்க தோஷத்தில் திறந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிரஷர் இறங்க ஆரம்பித்தது. நூற்று ஐம்பது. நூற்று நாற்பத்து நாலு. கணுக்கால் வீக்கம் வடிந்தது. அடுத்த ரத்தச் சோதனையில் பொட்டாசியம் சரியாகிவிட்டது. கிட்னி முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டது என்றும், மிச்சம் வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றும் டாக்டரம்மா சொன்னார். கிரேன்காரருக்கே ஆச்சரியமாக, காலையில் எழுந்திருக்கும்போது உடம்பு லேசாக இருந்தது.

முட்டிதான் விழித்துக்கொண்டது. இத்தனை வருஷம் மாத்திரை அதன் வாயைப் பொத்தி வைத்திருந்தது. கையை எடுத்ததும் ஒரேயடியாகக் கத்தியது. சமதரையில் நடக்கலாம். கடைக்குப் போய் வரலாம். மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த பயிற்சியைத் தரையில் படுத்துக்கொண்டு செய்தார். கொஞ்சம் தேவலை என்று எல்லோரிடமும் சொன்னார். கொஞ்சம் தேவலைதான். அந்தக் கொஞ்சம் பதினான்கு தட்டுக்குப் போதுமா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

மறு சோதனை நாளில் மிஷின் நூற்று இருபத்தாறுக்கு எண்பது என்றது. டாக்டர் மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். அதேதான். “பிரமாதம். என்ன செஞ்சீங்க?” என்று கேட்டுக்கொண்டே, உயரத்தில் வேலை செய்யத் தகுதியானவர் என்று எழுதி முத்திரை குத்தினார். முட்டியை மடக்கி நீட்டச் சொல்ல அவருடைய படிவத்தில் இடமில்லை. மனைவி அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை. ஜன்னலிலிருந்து கை வந்தது. கையுறையையும் ரப்பரையும் எடுத்துக்கொண்டு அட்டையை உள்ளே தள்ளினார். உள்ளிருந்து முதல் தடவையாக முகமும் எட்டிப் பார்த்தது.

“என்னப்பா, வேணாமா?”

“வேணாம்.”

ஏணியில் கால் வைத்தார். முதல் தட்டு வந்தது. இரண்டாவது தட்டு வரும்போது வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. மூன்றாவதுக்குக் கையால்தான் ஏறினார், காலை இழுத்துக்கொண்டு. அங்கே உட்கார்ந்துவிட்டார். மேலே பதினொன்று மிச்சம் இருந்தன. கீழே கான்கிரீட் லாரி வந்து நின்று உருளை சுற்றிக்கொண்டிருந்தது. அது காத்திருக்காது, இறுகிவிடும்.

“அண்ணே, எங்க இருக்க?” வாக்கி டாக்கியில் விசில்.

“மூணாவது தட்டு.”

“முட்டியா?”

“ஆமா.”

விசில் குரலைத் தாழ்த்தினான். “அண்ணே, எங்கிட்ட அட்டை இருக்கு. நான் மேல வந்து குடுக்கறேன். இன்னிக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு போட்டுக்கோ. ஒண்ணுல என்னண்ணே ஆகிடப் போகுது?”

பிரியத்தில்தான் சொன்னான். ஒன்று போட்டால் அரை மணியில் முட்டி அடங்கிவிடும் என்று கிரேன்காரருக்கும் தெரியும். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் நாளைக்கும் ஒரு நாள்தான். கையில் முத்திரை குத்திய தாள் இருக்கிறது. எவனும் தடுக்க முடியாது. வெளியே பார்த்தார். கிரேனின் நீளமான கை அசையாமல் வானத்தில் நின்றது. ஐந்து வாரத்தில் கட்டடம் ஒரு மாடி வளர்ந்திருந்தது. பக்கத்துக் கிரேன்காரன் தூக்கியிருப்பான். கம்பிக்கட்டைக் கோணலாக வைத்திருந்தான். அது அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஓட்ட வேண்டும் என்று வயிற்றுக்குள் பசி மாதிரி இருந்தது.

“அண்ணே, வரட்டுமா?”

“வேணாம்டா. பக்கத்து ஆளைக் கூப்பிடு. லாரி நிக்குது பாரு.”

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சைட் ஆபீசில் இன்ஜினியர் தாளைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “இதுல ஃபிட்னு போட்டிருக்கே?”

“போட்டிருக்கு சார்.”

“அப்புறம் என்ன?”

“ஏற முடியல சார்.”

“தரையில ஏதாவது பாத்துப் போடறேன். ஒரு வாரம் குடுங்க.” நல்ல மனுஷன், அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

கிரேன்காரர் வெளியே வந்து கம்பிக் குவியலின் மேல் உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷம் அந்த ஏணியில் அவரை ஏற்றிவிட்டது முட்டியா மாத்திரையா என்று இப்போது யாரைக் கேட்பது? அழுகை வந்தது. ஹெல்மெட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு அழுதார். அவருடைய கிட்னி பிழைத்துக்கொண்டது. அந்த நேரத்தில் யாராவது வந்து அதற்காக வாழ்த்துச் சொல்லியிருந்தால் அடித்திருப்பார்.

போன் அடித்தது. மனைவி, ஆலையில் டீ இடைவேளை. “ஏறியாச்சா? தலை சுத்தலையே?”

“ஏறல. மூணு தட்டோட இறங்கிட்டேன். முட்டி விடல. சாவியைக் குடுத்துட்டேன்.”

பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“மாத்திரை...”

“போடல.”

இவர் கிரேன் பக்கம் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தார்.

“சரி,” என்றார் மனைவி. “நான் லீவு சொல்லிட்டு வரேன். அங்கயே இருங்க.”